பேண்டுக்கு எழுதிய மெட்டு பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை?

17 ஜூன் 2024, கேள்வி

அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பாட்டு ஆசிரியையாக இருக்கிறேன். பேண்டு மாஸ்டர் ஓய்வு பெற்றுவிட்டதால், இந்த ஆண்டிலிருந்து பேண்டையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். எனக்கு வாய்ப்பாட்டும் கீபோர்டும் தெரியும். ஊதுகருவி எதையும் தொட்டதில்லை. ஆகஸ்ட் 15 அணிவகுப்புக்காக நானே ஓர் அணிநடை (மார்ச் மெட்டு) எழுதினேன். கீபோர்டில் கேட்டால் நன்றாகவே இருக்கிறது. பிள்ளைகள் ஊதினால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிளாரினெட் 6, டிரம்பெட் 4, யூஃபோனியம் 2, ஆல்டோ சாக்சஃபோன் 1, சாவி வைத்த புல்லாங்குழல் 3, பியூகிள் 8, சைடு டிரம் 6, பேஸ் டிரம் 1, சிம்பல் ஒரு ஜோடி என்று மொத்தம் 32 பேர். எல்லோரும் சென்ற ஆண்டு ஓரளவு வாசித்தவர்கள்தாம். இவர்களுக்குத் திறமை போதாது, எளிய சினிமாப் பாட்டு ஒன்றைப் பழக்கிவிட்டு ஒதுங்கிவிடலாம் என்று தோன்றுகிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

17 ஜூன், இரவு

திறமையைப் பற்றி முடிவு கட்டும் முன்பு எழுதிய தாளைக் காட்டுங்கள், டீச்சர். சென்ற ஆண்டு வாசித்த பிள்ளைகள் இந்த ஆண்டு வாசிக்கவில்லை என்றால், இடையில் மாறியவை ஆசிரியரும் தாளும்தான். உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. இராணுவப் பேண்டில் கிளாரினெட் வாசித்து, பச்மரியில் உள்ள இராணுவ இசைப் பிரிவில் பயிற்சி பெற்று, ஓய்வுக்குப் பின் 19 ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளோடு கழித்த நானும் முதல் ஆண்டில் இதே வாக்கியத்தை இதே எரிச்சலோடு சொன்னவன்.

19 ஜூன்

தாளைப் பார்த்தேன். மெட்டு நன்றாக இருக்கிறது; கோளாறு அதில் இல்லை.

நீங்கள் ச ரி க ம என்று எழுதி, ஒரே தாளை எல்லோருக்கும் கொடுத்து, மேலைநாட்டுச் சுரமான சி-யை ச-வாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறீர்கள். கிளாரினெட்டில் சி என்று விரல் வைத்து ஊதினால் வெளியே கேட்பது பி ஃபிளாட், அதாவது சி-யைவிட ஒரு முழுச்சுரம் கீழே. டிரம்பெட்டிலும் அப்படியே. ஆல்டோ சாக்சஃபோனில் சி ஊதினால் கேட்பது இ ஃபிளாட். புல்லாங்குழல் மட்டும் உங்கள் கீபோர்டைப் போல சி-யை சி-யாகவே தரும். ஆகவே, ஒவ்வொரு பிள்ளையும் நீங்கள் சொன்னபடி ஒரு பிசகும் இல்லாமல் வாசித்திருக்கிறது. ஒரே பாட்டு ஒரே நேரத்தில் மூன்று சுருதிகளில் ஒலித்திருக்கிறது. மூன்று தம்புராக்களை மூன்று கட்டையில் மீட்டி நடுவில் உங்களை உட்கார வைத்துப் பாடச் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கேட்க வேண்டிய ஆதாரச் சுருதி பி ஃபிளாட் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கிளாரினெட்டும் டிரம்பெட்டும் சி-யையே ச-வாகக் கொள்ளட்டும். யூஃபோனியம் பிள்ளைகள் டிரெபிள் கிளெஃபில் (மேல் சுரங்களுக்கான கோட்டுக்குறியில்) பழகியிருந்தால், டிரம்பெட்டின் அதே தாளைக் கொடுக்கலாம்; ஒரு ஸ்தாயி கீழே கேட்கும். புல்லாங்குழலுக்கு ச என்பது பி ஃபிளாட். ஆல்டோவுக்கு ச என்பது எஃப்.

அடுத்தது, மெட்டின் உயரம். உங்கள் பாட்டு மேல் ச-வையும் தாண்டி ரி வரை போகிறது. கிளாரினெட்டில் கீழ்ப் பகுதிக்கும் மேல் பகுதிக்கும் நடுவில் ஒரு வரப்பு உண்டு. எழுத்துப்படி ஏ, பி ஃபிளாட் வரை பெரும்பாலும் விரல்களை எடுத்துக்கொண்டே போகிற பிள்ளை, அடுத்த பி-க்கு எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் மூடி, கட்டைவிரலால் மேல் சாவியையும் அழுத்த வேண்டும். ஒரு துளை மயிரிழை திறந்திருந்தாலும் கீச்சென்று கத்தும். முதல் இரண்டு ஆண்டுகளில் பலர் இந்த வரப்பில் தடுக்கி விழுவார்கள். உங்கள் மெட்டு எட்டு பாருக்குள் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) அதை ஆறு முறை தாண்டுகிறது, எண்ணிப் பார்த்தேன்.

கடைசியாக, 32 பேரும் முதல் பாரிலிருந்து கடைசி பார் வரை ஓயாமல் வாசிக்கிறார்கள். டிரம்பெட்காரனுக்கு உதடு என்று ஒன்று இருக்கிறது, அது சதை, அது களைக்கும் என்பது தாளில் எங்கும் தெரியவில்லை.

20 ஜூன்

ச ரி க-வில் எழுதுவதை இன்றோடு நிறுத்திவிட்டு ஸ்டாஃப் நொட்டேஷன் சொல்லிக்கொடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. ஐந்து கோடுகளைப் படிக்கத் தெரியாத பேண்டு, மாஸ்டர் மாறும் ஒவ்வொரு முறையும் அனா ஆவன்னாவிலிருந்து தொடங்கும்.

20 ஜூன், சற்று நேரம் கழித்து

நேற்று நான் எழுதியதில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. சாக்சஃபோன் வாசிப்பவர் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஆல்டோவுக்கு ச என்பது எஃப் அன்று, ஜி. ஜி ஊதினால்தான் பி ஃபிளாட் கேட்கும். எஃப் ஊதினால் ஏ ஃபிளாட் கேட்கும். சி-யிலிருந்து நான்கு படி கீழே எண்ண வேண்டியதை மேலே எண்ணிவிட்டேன். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவசரத்தில் இந்த இடத்தில் எனக்குக் கால் இடறுகிறது. கணக்கை நம்பாதீர்கள்; பிள்ளையை ஊதச் சொல்லி, கீபோர்டில் எந்தக் கட்டை அதனோடு சேர்கிறது என்று தொட்டுப் பாருங்கள். கணக்குப் போடத் தெரிந்தவர்களும் கடைசியில் அதைத்தான் செய்கிறோம்.

24 ஜூன்

என் முதல் ஆண்டுக் கதையைக் கேட்கிறார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம்.

இராணுவத்திலிருந்து வந்த மிடுக்கில், மூன்றரை நிமிடம் ஓடக்கூடிய அணிநடை ஒன்றை எழுதினேன். கிளாரினெட்டுக்கு அருவி போல இறங்கும் ஓட்டங்கள், யூஃபோனியத்துக்குத் தனி மெட்டு, நடுவே சுருதி மாற்றம் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அதில் கொட்டியிருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், என் பழைய ரெஜிமென்ட் பேண்டு வாசிக்க வேண்டியதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதியிருந்தேன். விழாவன்று, மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து மேடையைக் கடந்து மறு மூலைக்குப் போக ஒன்றரை நிமிடம்தான் ஆயிற்று. நான் பெருமையாக எழுதிய சுருதி மாற்றம் வரும் முன்பே மைதானம் தீர்ந்துபோய், பிள்ளைகள் மதில் சுவரைப் பார்த்து, இடத்திலேயே கால் மாற்றி மார்க் டைம் அடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு கிளாரினெட் பிள்ளைகள் பாதியிலேயே ஊதுவதை விட்டுவிட்டு விரலை மட்டும் ஆட்டிக்கொண்டு வந்தார்கள் என்பதை, பேண்டில் இருந்த ஒரு மாணவன் பத்து ஆண்டு கழித்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். அன்று எனக்குத் தெரியவில்லை. கேட்காத ஒலியைக் கேட்டதாக நினைத்துக்கொண்டு கோலை வீசிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு மைதானத்தை நடந்து அளந்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். கணக்கு எளிது. நிமிடத்துக்கு 120 காலடி என்றால், இரண்டு அடி கொண்ட ஒரு பார் சரியாக ஒரு நொடி. மேடையைக் கடக்க 90 நொடி ஆகும் என்றால் உங்களுக்கு வேண்டியது 90 பார். திருப்பி வாசிக்கும் இடங்களைக் கழித்தால் உண்மையில் எழுத வேண்டியது முப்பதோ நாற்பதோதான்.

27 ஜூன்

டீச்சர் புதிய மெட்டு ஒன்றை மோகனத்தில் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறார். இதைவிட நல்ல யோசனை எனக்கு வந்திருக்காது.

மோகனத்தின் ஐந்து சுரங்களை சி-யிலிருந்து வைத்தால் சி, டி, இ, ஜி, ஏ. ஐந்தும் கிளாரினெட்டின் வரப்புக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. டிரம்பெட்டிலும் இவை பயிற்சியின் தொடக்கத்திலேயே வருகிற ஒலிகள். பிள்ளைகளின் காதும் தயாராக இருக்கிறது: அவர்கள் பள்ளியில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து மோகனம்தான். 2021 டிசம்பரில் வந்த அரசாணை அதை 55 வினாடியில், மூன்றன் நடையில் பாட வேண்டும் என்கிறது. அதையே அணிநடையாக்கிவிடலாமா என்று இங்கே ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம், அது பாடுவதற்கு உரியது, தாளமும் மூன்று. மனிதனுக்குக் கால் இரண்டு.

இன்னொரு வசதியும் உண்டு. மோகனத்தில் அரைச்சுர இடைவெளி கிடையாது. ஆகையால், இரண்டாவது வரி எழுதப் பழகாதவர் எழுதினாலும், எந்த இரண்டு சுரம் ஒன்றாக ஒலித்தாலும் பல்லைக் கூசச் செய்யாது. முதன்முதலாகப் பல கருவிகளுக்கு எழுதுகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் கமகத்தை மறந்துவிடுங்கள். ஆறு கிளாரினெட் ஆறு விதமாக அசைத்தால் அது ராகம் ஆகாது, இரைச்சல்தான் ஆகும்.

பியூகிளைப் பற்றி: அதில் சாவியும் இல்லை, வால்வும் இல்லை. உதட்டை இறுக்கித் தளர்த்திக் கிடைப்பவை ச, ப, மேல் ச, க, ப என்ற ஐந்து ஒலிகள் மட்டுமே. அவற்றில் கீழ் ச பள்ளிப் பிள்ளைகளுக்குத் திடமாக நிற்காது. உங்கள் எட்டு பியூகிளும் பி ஃபிளாட்தானா என்று முதலில் சரிபாருங்கள். ஆம் என்றால் மெட்டை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு எட்டு பாரின் முடிவிலும் ச ச ப என்று ஒரு முழக்கம் கொடுங்கள். எட்டுப் பேரும் அதற்காகவே காத்திருந்து ஊதுவார்கள்.

2 ஜூலை

டிரம் பிள்ளைகளைப் பற்றி யாருமே கேட்கவில்லை, எப்போதும் போல.

ஆறு சைடு டிரம்மையும் முதல் இரண்டு வாரம் அறையிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம். பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பலகையில் இழுத்துக் கட்டினால் போதும். குச்சி துள்ளும், பக்கத்து வகுப்பு ஆசிரியரும் சண்டைக்கு வரமாட்டார். கையின் வரிசையைச் சொல்கட்டாகச் சொல்லிக்கொடுங்கள். பாராடிடில் என்று சொன்னால் முழிக்கிற பிள்ளைக்கு, தகதிமி என்பதை வலம் இடம் வலம் வலம், அடுத்த தகதிமியை இடம் வலம் இடம் இடம் என்று சொன்னால் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 60-இல் தொடங்கி, ஒவ்வொரு நாளும் நான்கு நான்காக ஏற்றி 120-ஐத் தொடுங்கள். வேகத்தைக் கூட்டும்போது சத்தமும் கூடும். அதைக் கூடவிடக் கூடாது. சைடு டிரம் ஓங்கி அடிப்பதால்தான் கிளாரினெட் பிள்ளைகள் ஓங்கி ஊதிக் கீச்சிடுகிறார்கள் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

பேஸ் டிரம்மை உயரமான பிள்ளைக்குக் கொடுப்பது வழக்கம். நான் காலில் தாளம் நிற்கிற பிள்ளைக்குக் கொடுப்பேன். ஒவ்வொரு பாரின் முதல் அடியும் இடது காலோடு விழ வேண்டும். 32 பேரின் கால்களும் அந்த ஒரு பிள்ளையின் கையில் இருக்கின்றன.

6 ஜூலை

காலை ஏழு மணிக்குப் பயிற்சி வைக்கலாம் என்று தனிமடலில் டீச்சருக்குச் சொல்லியிருந்தேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். ஒரு பெண் பிள்ளை தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதாம். கேட்டால், பேருந்துக்கு ஓடி வந்ததில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஊதுவது உடல் உழைப்பு. வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் என் முன்பும் இரண்டு பிள்ளைகள் அப்படி உட்கார்ந்திருக்கிறார்கள். வாழைப்பழமோ கடலை மிட்டாயோ கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் பொறுத்து, மவுத்பீஸை அலம்பிவிட்டுத் தொடங்குங்கள். டிரம்பெட், பியூகிள் பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஊதுகிறார்களோ அவ்வளவு நேரம் ஓய்வெடுக்க வேண்டும். அந்த ஓய்வில் அவர்கள் தங்கள் வரியைப் பாடட்டும். பாட முடியாத வரியை ஊதவும் முடியாது.

9 ஜூலை

ஜூன் 20 அன்று ஸ்டாஃப் நொட்டேஷனைப் பற்றி உறுதியாக ஏதோ எழுதியிருந்தேன். அதை டீச்சர் கேட்காமல் விட்டதுதான் நல்லது.

ஆகஸ்ட் 15-க்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் 32 பிள்ளைகளுக்கு ஐந்து கோடுகளைக் கற்பிக்கத் தொடங்கினால் பாட்டும் வராது, கோடும் வராது. அதோடு, ச ரி க-வில் ஒரு நன்மை இருப்பதை நான் கவனிக்கத் தவறிவிட்டேன். ச என்பது நகரக்கூடியது. கிளாரினெட்டின் ச சி-யில், புல்லாங்குழலின் ச பி ஃபிளாட்டில், ஆல்டோவின் ச ஜி-யில் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் "உன் ச எங்கே" என்பதை மட்டும் சொல்லிவிட்டால், ஒரே தாள் மெட்டு வாசிக்கும் எல்லோருக்கும் பொருந்தும். முதலில் உங்களைக் கவிழ்த்த அதே முறைதான். அப்போது எல்லோருடைய ச-வும் ஒரே விரலில் இருந்தது, அவ்வளவுதான். டீச்சர் இதைத் தாமாகவே கண்டுபிடித்துச் செய்திருக்கிறார். வாத்தியார் நான் இருபது நாள் கழித்து வந்து சேர்கிறேன்.

இருந்தாலும் விழா முடிந்த பிறகு கோடுகளைத் தொடங்குங்கள். நீளத்தைக் காட்டுவதில் ச ரி க எழுத்து தடுமாறும். கால் மாத்திரையில் நிறுத்தி மூச்செடுக்கும் இடத்தை எழுத்தில் காட்டுவதற்குள் தாள் முழுக்கக் காற்புள்ளியாகிவிடும்.

9 ஜூலை, இரவு

மூச்சு என்றதும் நினைவுக்கு வந்தது. கணினியில் எழுதிக் கேட்பவர்களுக்கு: மியூஸ்ஸ்கோர் இலவசமாகக் கிடைக்கிறது, நல்ல கருவி, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கணினிக்கு மூச்சு வாங்காது, பசிக்காது, பத்தாம் வகுப்புத் தேர்வும் கிடையாது. அது வாசித்துக் காட்டுவதைக் கேட்டு மயங்காமல், நீங்களே எழுந்து நின்று, இடத்திலேயே கால் மாற்றி நடந்துகொண்டு, ஒவ்வொரு வரியையும் வாயால் பாடிப் பாருங்கள். உங்களுக்கு எங்கே மூச்சு முட்டுகிறதோ அதற்கு இரண்டு பார் முன்னால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முட்டும். அங்கே ஓய்வுக்குறி வையுங்கள். நான்கு பாருக்கு ஒரு மூச்சு என்பது நடக்கும்போது போதுமான அளவு. எட்டு பார் முழுக்கக் கிளாரினெட் பாடினால் டிரம்பெட் சும்மா இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம். எல்லோரும் சேரும் இடம் கடைசியில் ஒன்று வந்தால் போதும், அப்போதுதான் அது பெரிதாகக் கேட்கும்.

14 ஜூலை

டிரியோ பகுதியைப் பற்றிய கேள்விக்கு.

அணிநடையின் பின்பாதியில் பெரும்பாலும் சுருதி மாறி, இசை சற்று மென்மையாகும். அதைத்தான் டிரியோ என்பார்கள். மாறுவது மத்திமத்துக்கு. நம் வாய்ப்பாட்டுக்காரர்களுக்கு மத்திம சுருதி புதிதன்று. ம-வையே ச-வாகப் பிடித்துப் பாடிப் பழகியவர்கள்தாம் நீங்கள்.

இப்போது நடக்கும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். கிளாரினெட் தாளில் ச-வை சி-யிலிருந்து எஃப்-க்கு மாற்றி, மோகனத்தை மந்தர ஸ்தாயி ப, த-விலிருந்து க வரை எழுதினால் சி, டி, எஃப், ஜி, ஏ என்று வரும். முன்பாதியில் சி, டி, இ, ஜி, ஏ. ஐந்தில் ஒன்றே ஒன்று மாறுகிறது: இ போய் எஃப் வருகிறது. பிள்ளைக்குப் புதிதாக ஒரு விரல் மட்டும்தான். கேட்பவருக்கோ பாட்டே வேறு வீட்டுக்குக் குடிபோனது போல இருக்கும். இதை ஐந்தாம் ஆண்டில்தான் நான் தற்செயலாகக் கண்டேன்; கண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பியூகிளுக்கு டிரியோவில் வேலை இல்லை. அதன் க இங்கே அபசுரமாகிவிடும். அவர்கள் அங்கே ஓய்வெடுத்துவிட்டு, முடிவில் முதல் பகுதி திரும்பும்போது வரட்டும்.

21 ஜூலை

பேண்டு என்பது வெள்ளைக்காரன் விட்டுச்சென்ற எச்சில், அதில் மோகனம் எதற்கு என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபப்பட வேண்டாம், இதைவிடப் பழைய உறவு இருக்கிறது.

1835-இல் மறைந்த முத்துசுவாமி தீட்சிதர், சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில், புனித ஜார்ஜ் கோட்டை பேண்டின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். நோட்டுசுவரம் என்று அவற்றைச் சொல்கிறோம். ஏறத்தாழ 40 இருக்கின்றன. எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில், கமகம் இல்லாமல். அவற்றில் "சந்ததம் பாஹிமாம்" என்பது ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாட்டின் மெட்டு. அதே காலத்தில் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையிலேயே மேலைநாட்டு பேண்டு வைத்திருந்தார். தீட்சிதர் கோட்டையில் கேட்டுக் கோயிலுக்குக் கொண்டுபோனதை நாம் பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவந்தால் யாருக்கு என்ன குறை?

பேண்டு வேலைக்கும் அவை உதவும். மேற்சொன்ன ஆங்கில மெட்டு கீழ் நி-யிலிருந்து த வரைக்குள் அடங்கிவிடுகிறது, ஆகவே கிளாரினெட் வரப்பைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் தாளம் மூன்று. உட்கார்ந்து வாசிக்க மட்டும். எழுதப் பழகுகிறவர்கள் சில நோட்டுசுவரங்களை எடுத்து, மெட்டைக் கிளாரினெட்டுக்கும் ஆதாரத்தை யூஃபோனியத்துக்கும் பிரித்து எழுதிப் பார்க்கலாம். சொந்த மெட்டைவிட இரவல் மெட்டில் பிரித்தெழுதும் வித்தை சீக்கிரம் வரும், ஏனென்றால் வெட்டும்போது மனம் வலிக்காது.

30 ஜூலை

மைதான ஒத்திகையில் கடைசி அணிகள் கால் மாறி நடப்பதாகவும், பி.டி. மாஸ்டர் அந்தப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தித் திட்டுவதாகவும் டீச்சர் எழுதியிருக்கிறார்.

பிள்ளைகள் மேல் பிழை இல்லை. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. பேண்டிலிருந்து 35 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அடி பத்தில் ஒரு நொடி தாமதமாகக் கேட்கும். 175 மீட்டர் தள்ளி என்றால் அரை நொடி, அதாவது சரியாக ஒரு காலடி. முன்னால் இடது கால் விழும்போது அவர்களுக்குக் கேட்பது இதற்கு முந்தைய வலது கால் அடி. காதை நம்பி நடக்கிற நல்ல பிள்ளைகள்தாம் அங்கே மாட்டிக்கொள்கிறார்கள். பேண்டை வரிசையின் முன்னால் வைக்காமல் மைதானத்தின் நடுவில் ஓர் ஓரமாக நிறுத்தினால் தூரம் பாதியாகும். பேண்டின் முன் மைக் வைத்து மறுமுனையில் ஸ்பீக்கர் கட்டுவது சில பள்ளிகளில் வழக்கம். கம்பியில் வருவது உடனே வந்துவிடும், காற்றில் வருவது பின்னால் வரும், நடுவில் நிற்பவருக்கு இரண்டு பேண்டு கேட்கும். அதைச் செய்யாதீர்கள்.

பி.டி. மாஸ்டரிடம் இந்தக் கணக்கைச் சொல்லும்போது தனியாகச் சொல்லுங்கள்.

5 ஆகஸ்ட்

வெயிலில் சுருதி ஏறும். உள்ளே இருக்கும் காற்று சூடானால் ஊதுகருவி எல்லாமே மேலே போகும். அறையில் சுருதி சேர்த்துவிட்டு வெளியே வந்தால் பயனில்லை. மைதானத்து மர நிழலில் ஐந்து நிமிடம் ஊதிய பிறகு சுருதி சேருங்கள். டிரம்பெட்டில் டியூனிங் ஸ்லைடையும், கிளாரினெட்டில் மவுத்பீஸுக்குக் கீழே உள்ள துண்டையும் சற்று வெளியே இழுத்தால் இறங்கும். மவுத்பீஸ் மாட்டிக்கொண்டால் குறடு போடாதீர்கள். வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பிசுபிசுத்து வால்வு எழும்பாமல் நின்றுவிடும். வால்வு எண்ணெய் என்றே விற்கிறது. கிளாரினெட் ரீடு ஒரு பிள்ளைக்குக் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். நாகசுரக்காரர் ஒருவர் எத்தனை சீவாளியோடு கச்சேரிக்குப் போகிறார் என்று பாருங்கள்.

11 ஆகஸ்ட்

கொடியேற்றத்தில் நாட்டுப்பண் பேண்டு வாசிக்கிறது என்றால், அணிநடையை விட்டுவிட்டு இந்த நான்கு நாளும் அதைப் பாருங்கள். முழுப் பண்ணுக்கு ஏறத்தாழ 52 வினாடி. பேண்டு வாசிக்கும்போது முன்னால் டிரம் உருட்டல் வர வேண்டும் என்று அரசு விதியே இருக்கிறது: மெது நடையின் ஏழு காலடி நீளம், மெல்லத் தொடங்கி, முடிந்த அளவு உயர்ந்து, மீண்டும் மெல்ல அடங்கி, ஏழாவது அடிவரை காதில் விழ வேண்டும், பிறகு ஓர் அடி மௌனம், அதன் பின் பண். எல்லோரும் எழுந்து நிற்க அதுதான் அறிகுறி. பல பள்ளிகளில் டிரம் பிள்ளைகள் அந்த உருட்டலை எடுத்த எடுப்பிலேயே இடிபோல அடித்து அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். மெல்ல அடங்குவதைத்தான் அதிகம் பழக்க வேண்டும்.

16 ஆகஸ்ட்

டீச்சர் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். மூன்று முறை கேட்டேன்.

உருட்டல் நன்றாக அடங்கியது. அணிநடையில் ஆல்டோ பிள்ளை இரண்டாவது எட்டு பாரில் ஒரு பார் முன்னதாக நுழைந்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டு, சரியான இடத்தில் மறுபடி சேர்ந்தது. பாராட்ட வேண்டியது அதைத்தான். தப்பு செய்தபின் நிறுத்தத் தெரிவது பெரியவர்களுக்கே வராது. டிரியோவில் சைடு டிரம் இன்னும் பாதியாகக் குறைய வேண்டும். பியூகிள் முழக்கம் நான்கு முறை வர வேண்டியது, ஐந்து முறை வந்தது. எட்டுப் பேரும் சேர்ந்தே தவறினார்கள் என்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது.

மெட்டு எனக்குப் பிடித்திருந்தது. மூன்றாவது நான்கு பாரில் த-வில் நின்று திரும்பும் இடத்தை நான் எழுதியிருந்தால் ப-வுக்கு இறங்கியிருப்பேன். த தான் சரி.

22 ஆகஸ்ட்

ஜனவரி 26-க்கு இதையே நீட்டி எழுதுவதாக டீச்சர் அனுப்பிய புதிய டிரியோவைப் பார்த்தேன். ஐந்து கோட்டில் எழுதியிருக்கிறார். பாதிப் பிள்ளைகள் படிக்கத் தொடங்கிவிட்டார்களாம். ஒன்பதாவது பாரில் முதல் கிளாரினெட் மேல் சி-க்குப் போகிறது. அது வரப்புக்கு அந்தப் பக்கம். அன்று தலைசுற்றி உட்கார்ந்த பெண் பிள்ளைதான் முதல் கிளாரினெட் என்று நினைக்கிறேன். இப்போது அவள் தாண்டிவிடுகிறாளா என்று அவளையே ஊதச் சொல்லிக் கேட்டுவிட்டு, அந்த சுரத்தை வைப்பதா எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.